ஆற்றில் தண்ணீர் வந்த செய்தி: தமிழ் வினையின் சாயல்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் புண்ணியத்தில் தேனி மாவட்டத்துக் கூடலூரும் கம்பமும் இரண்டு போகம் நெல் பார்க்கின்றன. அந்தத் தண்ணீருக்கு வருசநாட்டுப் பக்கம் வர வழியில்லை. வருசநாட்டு மலைகளில் பிறந்து வாலிப்பாறை, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக இறங்கும் மூல வைகை, மழையை நம்பி ஓடும் ஆறு. ஆண்டில் பல மாதம் அது வெறும் மணல்தான். ஆகவே அங்கே ஆற்றில் தண்ணீர் வருவது ஒரு செய்தி. அந்தச் செய்தியை எந்த வினைவடிவத்தில் சொல்கிறார்கள் என்பதில்தான் தமிழ் வினையைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது.

"தண்ணி வந்துருச்சு" என்றால், காத்திருந்த காரியம் நடந்து முடிந்தது. சொல்பவருக்கு அதில் ஐயமில்லை. "தண்ணி வந்திருக்கு" என்பது பெரும்பாலும் தடயம் பார்த்துச் சொல்வது. விடிந்து போய்ப் பார்த்தால் மணல் நனைந்து கிடக்கிறது, சருகும் சுள்ளியும் கரையோரம் ஒதுங்கியிருக்கின்றன. வரும்போது யாரும் பார்க்கவில்லை, வந்தது மட்டும் தெரிகிறது. "வந்துச்சாம்" என்றால் மேலே வாலிப்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்தவர் சொல்லக் கேட்டது. "வந்து போச்சு" என்றால் வந்தது, நிற்கவில்லை. இலவங்காயை உடைத்துப் பஞ்சைக் காயப்போட்டிருக்கும் நேரத்தில் மழை பிடித்தால் "மழை வந்து தொலைச்சிருச்சு" என்பார்கள். அதில் வானிலை பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

வருவது ஒன்றுதான். பின்னால் ஒட்டும் சிறு வினையும் விகுதியும் மாற மாற, சொல்பவர் அந்த நிகழ்ச்சிக்கு எந்த இடத்தில் நின்றார், அது அவருக்கு என்ன செய்தது என்பதெல்லாம் மாறிவிடுகிறது. இதை ஆங்கிலத்தில் எழுத உட்காருபவருக்கு முதலில் கைக்கு வருவது 'ஹேஸ் கம்'. கொடுமை என்னவென்றால் வந்துருச்சுக்கும் அதுதான், வந்திருக்குக்கும் அதுதான். கண்ணால் கண்ட உறுதியும் தடயம் பார்த்த ஊகமும் ஒரே பாத்திரத்தில் கொட்டப்படுகின்றன. 'மஸ்ட் ஹேவ் கம்' என்று பிரித்துக் காட்டலாம் என்பார்கள். ஆனால் அந்த ஆங்கிலத்தில் ஒரு சந்தேகம் தொனிக்கிறது. நனைந்த மணலைப் பார்த்துச் சொல்பவரின் வாக்கில் சந்தேகம் இல்லை. அவர் பார்க்காதது நிகழ்ச்சியை மட்டும்தான்.

இந்த இடத்தில் துருக்கி மொழியைத் துணைக்கு அழைப்பது பயன் தரும். துருக்கியில் 'கெல்மெக்' என்றால் வருதல். தண்ணீருக்கு 'சு'. 'சு கெல்தி' என்றால் வந்தது, நான் அறிவேன். 'சு கெல்மிஷ்' என்றால் வந்திருக்கிறது, அல்லது வந்ததாம். 'மிஷ்' என்ற அந்த ஒரு விகுதி, தடயத்தால் அறிந்ததையும் காதால் கேட்டதையும் சேர்த்துச் சுமக்கிறது. 'தி' என்பதற்கும் 'மிஷ்' என்பதற்கும் உள்ள இந்த வேற்றுமையை 11-ஆம் நூற்றாண்டிலேயே மஹ்மூத் அல்-காஷ்கரி தம் துருக்கி அகராதியில் விளக்கிவிட்டார்: ஒன்று சொல்பவர் முன்னிலையில் நடந்ததற்கு, மற்றது அவர் இல்லாதபோது நடந்ததற்கு. எழுத்தாளர் ஓரான் பாமுக் இஸ்தான்புல் பற்றிய நினைவுநூலில், நினைவுக்கு எட்டாத குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதும்போது இந்த விகுதியைத்தான் எடுத்துப் பேசுகிறார். நாம் பிறந்த அன்று பெய்த மழையை நாம் எப்படிச் சொல்வோம்? "அன்னைக்கு நல்ல மழையாம்" என்போம். துருக்கியர் 'மிஷ்' போடுவார்கள். துருக்கிக் குழந்தைக் கதைகள் 'பிர் வர்மிஷ், பிர் யோக்முஷ்' என்று தொடங்கும்: ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். நம் அப்பத்தாக்கள் "ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம்" என்று தொடங்குவதற்கு இதைவிட நெருங்கிய உறவை ஆங்கிலத்தில் தேடுவது கடினம்.

வியப்பிலும் இரண்டு மொழியும் கைகோக்கின்றன. ரொம்ப நாள் கழித்துப் பேரனைப் பார்க்கும் பாட்டி "என்னய்யா, இம்புட்டு வளந்திருக்க!" என்பாள். துருக்கிப் பாட்டியும் அதே இடத்தில் 'மிஷ்' விகுதியைத்தான் போடுவாள். வளர்ந்ததை அவள் பார்க்கவில்லை. வளர்ந்து நிற்பதைத்தான் பார்க்கிறாள். ஆனால் இந்த ஒப்புமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. "நான் ரெண்டு தடவ மேகமலைக்குப் போயிருக்கேன்" என்பதில் உள்ள 'இரு' அனுபவத்தைச் சொல்கிறது, ஊகத்தை அன்று. துருக்கியர் அங்கே 'மிஷ்' போடமாட்டார்கள். தவிர, துருக்கி ஒன்றாகக் கட்டியதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: தடயத்துக்கு 'இரு', காதால் கேட்டதற்கு 'ஆம்'. இரண்டையும் சேர்த்து "வந்திருக்காம்" என்றும் சொல்ல முடியும். தடயத்தைப் பார்த்தது இன்னொருவர். அவர் சொல்லக் கேட்டது நான். இவ்வளவு நுட்பத்தை ஒரே சொல்லில் அடக்கும் மொழியைப் பேசுகிறோம் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

தமிழையும் துருக்கியையும் ஒரே பார்வையில் வைக்க முயன்றவர்களில் ஒருவர் கால்டுவெல். 1856-இல் வெளியான ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கும் அவர் சித்தியம் என்று அழைத்த, துருக்கியையும் உள்ளடக்கிய மொழிக்கூட்டத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். அந்த இனஉறவுக் கொள்கையை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. அமைப்பில் உள்ள ஒற்றுமை மட்டும் உண்மை: இரண்டு மொழியிலும் வினை கடைசியில் நிற்கும், விகுதிகள் வரிசையாக ஏறும், வினையெச்சத்தின் பின்னால் இன்னொரு வினை வந்து முதல் வினையின் நிறத்தை மாற்றும். கால்டுவெல் இன்னொன்றையும் கவனித்தார். தமிழர் செயப்பாட்டு வினையை விரும்புவதில்லை. 'உடைக்கப்பட்டது' என்பதை விட்டு 'உடைந்து போயிற்று' என்கிறார்கள். பானையை யார் உடைத்தார் என்று சொல்லாமல் தப்பிக்க வேண்டிய பிள்ளைக்கு, 'போ' என்ற வினை கைகொடுக்கிறது.

நம் பழைய இலக்கணம் இந்தச் சாயல்களைக் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது தவறு. சொல்பவர் நிற்கும் இடத்தை வினை காட்டும் என்பதைத் தொல்காப்பியம் தெளிவாகவே அறிந்திருக்கிறது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலையை நோக்கியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கையை நோக்கியவை என்று கிளவியாக்கம் வகுக்கிறது. இரந்து கேட்கும்போது தாழ்ந்தவர் 'ஈ' என்றும், ஒத்தவர் 'தா' என்றும், உயர்ந்தவர் 'கொடு' என்றும் சொல்வார்கள் என்று எச்சவியல் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'கிவ்' ஒன்றுதான். இந்த வரையறை இன்றைய பேச்சில் தேய்ந்துவிட்டது. "அவனுக்குத் தந்தேன்" என்று தயங்காமல் எழுதுகிறோம். அடிப்படைப் பார்வை தேயவில்லை. "செஞ்சேன்" என்பதற்கும் "செஞ்சு குடுத்தேன்" என்பதற்கும் நடுவே நிற்பது அந்தப் பழைய கொடைதான்: பலன் யாருக்கு என்ற கேள்வி. ஆனால் வினையெச்சத்தைத் தொடர்ந்து நின்று தன் சொந்தப் பொருளை இழந்து சாயல் மட்டும் தரும் வினைகளை, துணைவினை என்று தனியே பிரித்து விரிவாக ஆராய்ந்தது இக்கால ஆய்வுதான்.

அகராதிகளின் கதை வேறு. ஒரு வினையைத் தனியாக நிறுத்திப் பொருள் சொல்வதே அகராதியின் இயல்பு. பப்ரீஷியஸ் 1779-இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதியும், 1862-இல் வந்த வின்சுலோவின் பேரகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்களைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் மாபெரும் உழைப்புகள். அவை இல்லாமல் இன்று நாம் இல்லை. ஆனாலும் 'விடு' என்ற சொல்லுக்கு விடுதலை, அனுப்புதல், நீங்குதல் என்று பொருள் தேடி அடுக்கிய அளவுக்கு, "சாப்பிட்டுவிடு" என்பதில் அது என்ன வேலை பார்க்கிறது என்பதற்கு இடம் கிடைக்கவில்லை. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் இந்த நிலையை மாற்றியது. இன்றைய எழுத்தில் உண்மையாக வழங்கும் சொற்களை எடுத்துக்கொண்டு, துணைவினைப் பயன்பாட்டையும் தனியே பொருள் சொல்லி எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் தந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பொருள் விளக்கத்தைவிடப் பெரிய உதவி. எதிர்த்திசையில், அதாவது ஆங்கில வினையிலிருந்து தமிழ் வினைக்குப் போகும் வழியில், ஹெரால்டு ஷிஃப்மனும் வாசு ரெங்கநாதனும் உருவாக்கி 2009-இல் வெளியான தமிழ் வினைகளுக்கான ஆங்கில அகராதி இருக்கிறது. எழுத்து வடிவத்தோடு பேச்சு வடிவத்தையும் ஒலிப்பதிவையும் சேர்த்தது அதன் தனிச்சிறப்பு. வினையின் சாயல் பாதிக்கு மேல் குரலில் இருப்பதால் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மொழியியலாளர்கள் 1980-களிலிருந்து இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். இ. அண்ணாமலை 1985-இல் தமிழ் வினை விரிவாக்கம் குறித்துத் தனிநூல் எழுதினார். தாமஸ் லேமனின் இக்காலத் தமிழ் இலக்கணம் 1989-இல் புதுச்சேரியிலிருந்து வந்தது. சான்ஃபோர்டு ஸ்டீவர் தமிழ்த் துணைவினை அமைப்பைப் பற்றியே 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். இவர்கள் உழைப்பால் ஒன்று உறுதியாயிற்று: துணைவினைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. 'இரு', 'விடு', 'கொண்டிரு' போன்றவை செயலின் நிலையைச் சொல்பவை. 'தொலை', 'தள்ளு', 'போடு' போன்றவை பேசுபவரின் மனநிலையைச் சொல்பவை. பேச்சுத்தமிழ் இலக்கணம் எழுதிய ஷிஃப்மன் இன்னொன்றையும் வலியுறுத்தினார்: எல்லாத் துணைவினைகளும் ஒரே அளவுக்கு இலக்கணமாக இறுகிவிடவில்லை. ஒரு வட்டாரத்தில் முழுத் துணைவினையாகிவிட்டது, இன்னொரு வட்டாரத்தில் இன்னும் பழைய பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

வட்டாரம் என்று வந்தால் மதுரை, தேனிப் பேச்சில் உள்ள 'புடு' என்ற வடிவத்தைச் சொல்லியாக வேண்டும். "சொல்லிட்டான்" என்பதற்கும் "சொல்லிப்புட்டான்" என்பதற்கும் எழுத்துத் தமிழில் 'சொல்லிவிட்டான்' என்ற ஒரே வடிவம்தான் போடுவோம். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. "வெசயத்த சொல்லிப்புட்டான்" என்றால் சொல்லியிருக்கக் கூடாது, அல்லது இப்படிப் பட்டென்று சொல்வான் என்று யாரும் நினைக்கவில்லை, இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. "என்னங்கடா பண்ணிப்புட்டீங்க" என்ற கேள்வியில் அதட்டல் உண்டு. கூடவே ஒரு தவிப்பும் உண்டு. ஆங்கிலத்தில் 'வென்ட் அண்ட் டோல்டு' என்ற பேச்சுவழக்கு ஓரளவு கிட்ட வருகிறது. 'போய்ச் சொன்னான்' என்ற அந்த அமைப்பில் அதே விதமான குறைபடுதல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதைத் துணிந்து பயன்படுத்த வேண்டும். இலக்கணச் சுத்தம் பார்த்து 'டோல்டு' என்று மட்டும் எழுதினால் பேசிய ஆளே காணாமல் போகிறார்.

பணம் கட்டுவதையே எடுத்துக்கொள்ளலாம். கட்டினேன், கட்டிட்டேன், கட்டி வச்சேன், கட்டிப் பாத்தேன், கட்டித் தொலைச்சேன், கட்டி அழுதேன். கட்டி வைத்தவர் முன்யோசனைக்காரர். கட்டிப் பார்த்தவர் பலன் வருமா என்று சோதித்தவர். கட்டித் தொலைத்தவர் எரிச்சலோடு கையைக் கழுவியவர். கட்டி அழுதவர் மாதாமாதம் வட்டியால் நசுங்குகிறவர்; அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இருக்க வேண்டியதில்லை. இந்த 'அழு' என்ற வினையை நேராக எடுத்து ஆங்கிலத்தில் வைத்தால் வாசகர் அழுகையைத்தான் காண்பார்.

சில இடங்களில் இரண்டாம் வினை சாயலாக மட்டும் நிற்காமல், ஒரு வாழ்க்கையையே சொல்லிவிடுகிறது. 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்ற தொடர் அப்படி. ஜமீன்கள் இருந்து மறைந்த ஊர்களில் இது அன்றாடச் சொல். கண்டமனூர், வருசநாட்டுப் பக்கத்து ஜமீனின் ஏற்றத்தையும் சரிவையும் வடவீர பொன்னையா 'வருசநாடு ஜமீன் கதை' என்று எழுதினார். அந்த வகைக் கதை முழுவதும் இந்த இரண்டு வினைகளுக்கு நடுவில் நடப்பதுதான். முதல் வினை உயரத்தைக் காட்டுகிறது, இரண்டாவது வீழ்ச்சியை. இரண்டையும் இணைக்கும் எச்சம், வாழ்ந்தவருக்குத்தான் இந்தக் கேடு என்ற மரியாதையையும் சேர்த்துத் தருகிறது. ஏழையாகப் பிறந்து ஏழையாக இருப்பவரை யாரும் வாழ்ந்து கெட்டவர் என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு உள்ள தொடர்கள் பணம் போனதைச் சொல்கின்றன. ஊரார் மனத்தில் மிஞ்சியிருக்கும் மரியாதையைச் சொல்வதில்லை.

துருக்கியிலும் இப்படி இரண்டாம் வினைகள் உண்டு. கொடுத்தல் என்ற 'வெர்மெக்' இன்னொரு வினையோடு சேர்ந்தால் சட்டென்று, எளிதாகச் செய்வதைக் குறிக்கும். ஏவலில் வந்தால் "கொஞ்சம் செஞ்சிருப்பா" என்ற இதம் வந்துவிடும். நம்மிடம் கொடுத்தல் பிறர்நலத்துக்குப் போனது; அவர்களிடம் விரைவுக்குப் போனது. விழப்போய்த் தப்பியதைச் சொல்ல அவர்கள் ஒட்டும் 'யாஸ்மாக்', தனியே வந்தால் இன்று எழுதுதல் என்று பொருள்படும். நாம் அதே இடத்தில் 'பார்' என்ற வினையைப் போட்டு "விழப் பாத்தேன்" என்கிறோம். பார்ப்பது தவறி விழுவதற்கு எப்படித் துணை வந்தது என்று யோசிக்கவே ஆனந்தமாக இருக்கிறது. ஆங்கிலம் 'ஆல்மோஸ்ட்' என்று ஓர் அடையைச் செருகி முடித்துக்கொள்கிறது. அது குறை அல்ல, அந்த மொழியின் வழி. ஆங்கிலத்துக்கும் தனக்கென்று கருவிகள் உண்டு: 'டிரிங்க் அப்' என்பதில் உள்ள 'அப்', நம் 'குடிச்சிரு' என்பதன் 'விடு' செய்யும் வேலையை ஏறத்தாழச் செய்கிறது.

எதிர்த்திசையில், பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தவர்கள் இரண்டாம் வினையின் வேலையை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் 'கொன்றுபோட்டான்' என்ற வடிவம் அடிக்கடி வரும். மூலத்தில் இரண்டாம் வினை எதுவும் இல்லை. 'கொன்றான்' என்று நிறுத்தினால் அந்தச் செயலின் கடுமையும் மீட்க முடியாமையும் தமிழ்க் காதில் முழுதாக விழாது என்று மொழிபெயர்த்தவர்கள் கருதியிருக்க வேண்டும். தமிழுக்கு வரும்போது ஒரு வினையைக் கூட்டத் தெரிந்த இந்த நுண்ணுணர்வு, தமிழிலிருந்து போகும்போது அதை வேறு எதிலாவது ஈடுகட்டுவதிலும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இது இலக்கியத்தோடு நிற்கிற விவகாரம் அல்ல. கீழ் நீதிமன்றத்தில் தமிழில் சொன்ன சாட்சியம், மேல்முறையீட்டில் ஆங்கிலமாகப் போகிறது. தேனி மாவட்ட வழக்குகள் 2004-இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகின்றன. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும், கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. இன்றைய சட்டத்திலும் அந்த அடிப்படை தொடர்கிறது. "அருவாள எடுத்து வெட்டினான்" என்பதற்கும் "வெட்டினானாம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு, சட்டத்தின் கண்ணில் கண்ட சாட்சிக்கும் செவிவழிச் செய்திக்கும் உள்ள வேறுபாடு. "வெட்டியிருக்கான்" என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: உடலையும் காயத்தையும் பார்த்தவர் சொல்வது, வெட்டும்போது அங்கே இல்லாதவர் சொல்வது. மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே இறந்தகாலமாகிவிட்டால் ஒருவரின் விடுதலையோ தண்டனையோ அந்த இடறலில் சிக்கிக்கொள்ளும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கான பயிற்சியில் இந்த மூன்று வடிவங்களுக்கும் தனிப்பாடமே வைக்க வேண்டும்.

இலக்கிய மொழிபெயர்ப்பில் இதுவரை நடந்ததைப் பார்த்தால், சாயலைக் காப்பாற்ற மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, வினையில் இருந்ததை வாக்கியத்தின் வேறு இடத்துக்கு மாற்றுவது. ஏ. கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை மொழிபெயர்த்தபோது, தமிழ்த் தொடரமைப்பு ஆங்கிலத்துக்கு நேர் தலைகீழ் என்பதை வெளிப்படையாகப் பேசினார். வரியை உடைத்தும் இடம்விட்டும் தமிழின் நிறுத்தங்களை ஆங்கிலத்தில் கட்டினார். இரண்டாவது, ஆங்கிலத்தின் பேச்சுத் தொனியைத் தளர்த்துவது. 1992-இல் வெளியான பாமாவின் 'கருக்கு' நூலை 2000-இல் ஆங்கிலமாக்கிய லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் முன் இருந்த சவால் இதுதான்: நூல் முழுதும் பேச்சுமொழி. எழுத்துநடை ஆங்கிலத்தில் அது பொருந்தாது. குறிப்பிட்ட ஒரு ஊர் ஆங்கிலத்தில் போட்டால் கதையே அந்த ஊருக்குக் குடிபெயர்ந்துவிடும். மூன்றாவது வழி, சாயலை விட்டுவிடுவது. இதுதான் அதிகம் நடக்கிறது. விட்டதைக் கண்டுபிடிக்க மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் வேண்டும். ஆங்கில வாசகரிடம் மூலம் இருப்பதில்லை.

என் மதிப்பீட்டில் முதல் வழியே மேலானது. 'வந்து தொலைச்சிருச்சு' என்பதில் உள்ள எரிச்சலை வினையிலேயே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மழையின் பக்கம் ஒரு சொல்லைச் சேர்க்கலாம், வாக்கியத்தைச் சட்டென்று வெட்டலாம், அடுத்த ஆளின் பதிலில் அதை வெளிப்படுத்தலாம். ஒவ்வொரு துணைவினைக்கும் நிரந்தரமான ஓர் ஆங்கிலச் சொல்லை ஒதுக்கிவைப்பதுதான் தவறு. "அவன்ட்ட சொல்லி வை" என்பது ஒரு வீட்டில் முன்னேற்பாடு, இன்னொரு வீட்டில் மிரட்டல்.

இயந்திர மொழிபெயர்ப்பு தமிழுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூகுள் 2011-இல் தமிழைச் சேர்த்தது. இயந்திரம் கற்பது எழுதப்பட்ட வாக்கியங்களிலிருந்து. எழுத்துத் தமிழிலோ 'புடு' இல்லை, 'வந்துருச்சு' என்ற வடிவம் கதை உரையாடலுக்கு வெளியே அரிது. வருசநாட்டுப் பேச்சு இயந்திரத்துக்கும் அகராதிக்கும் எட்ட வேண்டுமானால், பேச்சைப் பதிவு செய்து, ஒவ்வொரு வாக்கியத்தோடும் சொன்னவர் அதைப் பார்த்தாரா, கேட்டாரா, ஊகித்தாரா, யாரிடம் சொன்னார் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். காஷ்கரி துருக்கிக்கு அந்தக் குறிப்பை எழுதிவைத்தது ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பு. தேனி மாவட்டத்துப் பேச்சுக்கு அதை எழுதக்கூடியவர்கள் மயிலாடும்பாறையிலும் கடமலைக்குண்டிலும் படிக்கிற பிள்ளைகள்தான். கையில் அலைபேசி இருக்கிறது, பேசுவதற்கு வீட்டில் அப்பத்தா இருக்கிறாள்.